இடப்பக்கத்து நாற்காலி

எங்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் கேட்காது. பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். "சோறு வச்சிருக்கு" என்று நான் சுவரைப் பார்த்துச் சொல்வேன். "தண்ணி இல்ல" என்று அவர் காலண்டரைப் பார்த்துச் சொல்வார். மகள் வீட்டில் இருந்தவரை அவள்தான் தபால்காரி. "ஒங்க அப்பாகிட்ட சொல்லு, நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணுமாம்" என்று, அவர் காதில் நன்றாக விழும்படி அவளிடம் சொல்வேன். அவளும் கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு சுவரும் காலண்டரும்தான் மிச்சம். முதலில் யார் மற்றவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரோ அவர் தோற்றார். முப்பத்து நாலு வருஷத்தில் நான் தோற்றது குறைவு. எனக்கு வீம்பு அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆயுசெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அது கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

கடைசிச் சண்டை ஒரு பலாப்பழத்தால் வந்தது. ஆலங்குடிப் பக்கம் பலாவுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். எங்கள் கொல்லை மரத்தில் அந்த வருஷம் உருப்படியாக நின்றது ஒன்றே ஒன்று. மகள் லீவுக்கு வருவாள் என்று தினமும் போய்த் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் காதுகுத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மரத்தில் காம்பு மட்டும் பால் வடிந்துகொண்டு நிற்கிறது. "தங்கச்சி வந்துச்சு, குடுத்துவிட்டேன்" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சி கேட்டால் வீட்டையே பெயர்த்துக் கொடுப்பார் இந்த மனுஷன். அன்றைக்குச் சாயங்காலமே பேச்சு நின்றது.

நாலாம் நாள் காலை, கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. இடது கை துணி மாதிரித் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூளையில் வலது பக்கம் அடைப்பு, அதனால் உடம்பில் இடது பக்கம் விழுந்திருக்கிறது, நேரத்தோடு வந்ததால் உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல் கிடந்தது. விழுந்த பக்கம் அதுதானே, துணைக்கு ஆள் அங்கேதானே வேண்டும் என்று அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சுத் தெளிந்தது. எதிர்ப்பக்கம் நின்று ஊசி போட்ட நர்ஸிடம், தான் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்ததையெல்லாம் சொன்னார். அவள் போன பிறகு நான் குனிந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, "பலாப்பழம் கெடக்குது, விடுங்க. என்னையப் பாருங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அவர் முகத்தை இன்னும் வலது பக்கமாகத் திருப்பி, சுவரைப் பார்த்து, "ம்... கெடக்கட்டும்" என்றார்.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபம் தீரவில்லை.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. மறுநாள் என் நாத்தனார் வந்தாள். பலாப்பழம் வாங்கிப் போன அதே புண்ணியவதி. என் பக்கம் நிற்க இடமில்லாமல் கட்டிலைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். அவ்வளவுதான், இவர் முகம் பூத்துவிட்டது. "வாத்தா! எப்ப வந்தே?" என்று கோணின வாயோடு சிரித்தார். நான் மூன்று நாளாக அங்கேயே சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். என்னை 'எப்ப வந்தே' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இடது பக்கம் கவனமே இருக்காதும்மா, நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பின்னால் பத்து பேர் வரிசையில் நின்றார்கள். நான் தலையாட்டினேன். கை கால் விழுந்த பக்கம், இடித்துக்கொள்ளாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொண்டேன். ஒரு கணக்கை அரைகுறையாகப் படித்துவிட்டு விடை எழுதும் பிள்ளைகளை எத்தனை குட்டு குட்டியிருப்பேன். எனக்கு யார் குட்டுவது?

வீட்டில் கட்டில் போட ஒரே ஒரு இடம்தான் வாய்த்தது. வடக்கே தலை வைக்கக் கூடாது. "எங்கண்ணன எமன்கிட்ட நீங்களே அனுப்பி வச்சிருவீக போல மதினி" என்று நாத்தனார் முன்னாடியே கூப்பாடு போட்டுவிட்டாள். ஆகவே தெற்கே தலை. அப்படிப் போட்டால் அவருக்கு வலப்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சுவரில் கொல்லையைப் பார்த்த கம்பி ஜன்னல். இடப்பக்கம் அறை, கதவு, பீரோ, நான். என் நாற்காலியை அங்கேதான் போட்டேன்.

மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது? அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கிடப்பார். மருந்து கொடுத்தால் வாயைத் திறப்பார். பிடித்து எழுப்பினால் எழுந்திருப்பார். கால் சீக்கிரமே தேறிவிட்டது, விழுந்த பக்கம் நான் பிடித்துக்கொண்டால் நடந்தார். ஆனால் முகம் என் பக்கம் வராது. நானும், சரி, சுவர்தானே, பேசிக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். "மாத்திர போட்டாச்சா?" என்று பீரோவைப் பார்த்துக் கேட்பேன். "ம்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். இதற்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு சண்டை சுத்தமாக நடக்க முடியாது.

மதியம் இலையில் சாப்பிடுவதுதான் அவருக்கு வழக்கம். ரிட்டயர் ஆகும்வரை டிபன் கேரியரில் தின்ற மனுஷன், இனிமேல் தினமும் இலைதான் என்று சொல்லிவிட்டார். கொல்லையில் வாழை இருக்கிறது, போட்டால் போயிற்று. நுனி இடப்பக்கம் வரும்படி இலையைப் போட்டு, இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், கீழே அப்பளம், நடுவில் சோறு, வலது பக்கம் காய் என்று வைப்பேன். காயைச் சாப்பிடுவார். சோற்றில் வலது பாதியைச் சாப்பிடுவார். மீதிப் பாதி, கத்தி வைத்து அறுத்த மாதிரி அப்படியே இருக்கும். அப்பளம் இல்லாமல் சோறு இறங்காத ஆள், அப்பளத்தைத் தொடமாட்டார். நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் வியர்த்து வழிந்து பொரித்த அப்பளம். எடுத்துக் குப்பையில் போடும்போது, "எவ்வளவு கொழுப்பு பாரு" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

சவரமும் அப்படித்தான். கண்ணாடியை வைத்துக் கொடுத்தால் வலது கன்னம் மழமழவென்று இருக்கும், இடது கன்னத்தில் முள்ளுக்காடு. சட்டையில் ஒரு கை நுழைப்பார், மற்றதைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருப்பார். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் நினைத்தேன். கேளுங்கள், படித்தவள்தான் நான். என்னை உதவிக்குக் கூப்பிட மனமில்லாமல் பாதியில் விட்டுவிடுகிறார் என்று நினைத்தேன். மகள் தினமும் வீடியோவில் பேசுவாள். போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைப்பேன். அவளிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "அப்பா நல்லாத்தானேம்மா இருக்காரு, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அந்த வீட்டில் அப்படி ஒரு தனிமை அதுவரை வந்ததில்லை. அவர் டூட்டிக்குப் போய் மூன்று நாள் வராமல் இருந்த காலத்திலும் வந்ததில்லை.

ஒரு நாள் நாத்தனார் கையில் ஒரு உப்புப் பாக்கெட்டோடு வந்து நின்றாள். "கோவிச்சுக்காதீங்க மதினி. எலையில உப்புக்கூட வைக்கிறதில்லன்னு அண்ணே போன்ல சொல்லுச்சு. மனசு கேக்கல."

உப்பு! நான் உப்பு வைப்பதில்லையாம். அந்தப் பாக்கெட்டை வாங்கி அடுப்படித் திண்டில் ணங்கென்று வைத்தேன். பேசினால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அந்த வாரம்தான் தெரபிப் பெண் வந்தாள். புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில், தோளில் ஒரு பையோடு. என் மகளைவிடச் சின்னவள். அதுவரை கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்க வேறொருவர் வந்துகொண்டிருந்தார். இவள், "நான் ஒண்ணும் செய்யச் சொல்ல மாட்டேம்மா. அப்பா தெனமும் செய்யிறதச் செய்யட்டும், நான் பாக்குறேன். நீங்க உதவி பண்ணக் கூடாது, வாயும் தொறக்கக் கூடாது. சரியா?" என்றாள். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லி ரொம்ப நாள் ஆயிற்று. சரி என்று என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் கையில் ஒரு தாள். முகம் கழுவுவது, சவரம், சட்டை போடுவது, சாப்பிடுவது, சாப்பிட்ட பின் வாயின் இடது பக்கம் துடைப்பது, நடக்கும்போது இடிப்பது, இடது பக்கத்தில் பேசுகிறவரைத் திரும்பிப் பார்ப்பது என்று பத்து விஷயம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். பூஜ்யம் என்றால் நல்லது, மூன்று என்றால் மோசம். இது என்ன தலைகீழ் மார்க் என்று எனக்குள் எரிச்சல். ஆனால் அவள் பார்த்த விதம் பிடித்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் எதை விடுகிறார் என்று பார்த்தாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. வழக்கம்போலப் பாதி இலையோடு நிறுத்தி, "போதும்" என்றார். அவள் இலையை இரண்டு கையாலும் பிடித்து, சோற்றோடு கறியோடு ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி வைத்தாள். நுனி வலப்பக்கம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் யாரும் அப்படி இலை போடமாட்டார்கள். "ஏம்மா..." என்று வாயெடுத்தவள், பேசக் கூடாது என்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

"அட, அப்பளம்!" என்றார் அவர். சின்னப் பிள்ளை மாதிரி எடுத்து நொறுக்கினார். "உப்பும் வச்சிருக்கே!" மிச்சச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில் சொன்னாள். "கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது. மூளைக்குத்தான் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதே தெரியல. அந்தப் பக்கம் இருக்க எதுவும் அவருக்கு இல்ல. அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தாக்கூட வலது பக்கம்தான் தேடுவாரு. இல்லங்குறதும் அவருக்குத் தெரியாது." அந்தப் பக்கம் இருக்க எதுவும் என்று அவள் சொன்னபோது, நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்துக் கால்மாட்டில் ஜன்னலோரமாகப் போய் நின்று, அதே பத்துக் கேள்வியை அவரிடமே கேட்டாள். "சவரம் பண்றதுல கஷ்டம் இருக்காப்பா?" "ஒண்ணுமில்ல." "சட்டை போடுறதுல?" "அதெல்லாம் நல்லாப் போடுறேன்." அவள் போட்ட மார்க் இருபத்திரண்டு. அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டது முழுப் பூஜ்யம். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, "வேற ஏதாவது கஷ்டம் இருந்தாச் சொல்லுங்கப்பா" என்றாள், சும்மா ஒரு மரியாதைக்கு.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கென்னம்மா, ராசாவா இருக்கேன். என் வீட்டுக்காரிதான்... ஒரு பலாப்பழத்தைத் தூக்கி என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். அதுலேருந்து கிட்டயே வரமாட்டேங்குறா. ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து எட்டிப் பாக்கல. சோறு வரும், மாத்திர வரும், சத்தம் மட்டும் எங்கிட்டோ கேக்கும். ஆளு வரமாட்டா. தப்புத்தாம்மா, கேக்காமக் குடுத்தது. அதுக்காக இம்புட்டு நாளா?"

நான் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். என் முழங்கால் அவர் போர்வையில் இடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப அவங்க எங்க இருக்காங்கப்பா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"யாரு கண்டா? அடுப்படியில இருப்பா. நான் தனியாத்தாம்மா கெடக்கேன்."

நான் எழுந்தேன். கட்டிலின் மறுபக்கம் போக வழியில்லை, சுவர். அடுப்படி வழியாகக் கொல்லைக்கு ஓடினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு, பலாமரத்தடிச் சருகில் மிதித்துப் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். என்னவென்று சொல்வது, ஒன்றும் யோசிக்கவில்லை. மூச்சு வாங்கியது.

அவர் பார்த்தார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"டீச்சரு!" என்றார். கிண்டலுக்கும் கொஞ்சலுக்கும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "கோவம் போயிருச்சா?"

"எனக்கென்ன கோவம்" என்றேன். "ஒங்களுக்குத்தான் கோவம்னு..." கம்பிக்குள் கையை விட்டேன். வலது கையால் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நான் ஜன்னலுக்கு வெளியேதான் குடித்தனம் நடத்தினேன். முக்காலியைக் கொண்டுபோய்ப் பலாமரத்து நிழலில் போட்டுக்கொண்டு கீரை ஆய்வேன், வெங்காயம் உரிப்பேன், ஊர்க்கதை முழுக்கச் சொல்வேன். எந்தப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், யார் வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை என்று எல்லாம் கேட்பார். இலையைத் திருப்பிப் போட்டே பழகிவிட்டேன், சாஸ்திரமாவது மண்ணாவது. "என்ன டீச்சர், சொந்த வீட்டையே ஜன்னல் வழியாப் பாக்குறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். கேட்டுக்கொள்ளட்டும். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

தெரபிப் பெண் மறுபடி வந்தவள், திருப்பிப் போட்ட இலையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே என் முக்காலியைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, "அம்மா, அன்னைக்கு நான் எலையத் திருப்புனது உங்களுக்குக் காட்டுறதுக்கு. தெனமும் அப்படிப் போட்டா அவரு எப்பத் திரும்புவாரு?" என்றாள். "எல்லாரும் அவருக்குத் தெரியிற எடத்துக்கே வந்துட்டா அந்தப் பக்கம் அப்படியே செத்துப்போயிரும். நீங்க இடது பக்கம்தான் உக்காரணும். அங்கிட்டிருந்தே கூப்பிடணும். அவரா தேடி வரணும்."

எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஒரு மாசமா இந்த மனுசன் மூஞ்சியப் பாக்காமக் கெடந்தேன். இப்பத்தான் பாக்குறேன். அதையும் புடுங்கணுமா ஒனக்கு?"

"கஷ்டம்தாம்மா" என்றாள். "ஆனா இப்படியே விட்டா நாளைக்கு ரோட்டுல இடது பக்கம் வர்ற வண்டி தெரியாது அவருக்கு. அடுப்பு தெரியாது. படி தெரியாது." பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்துக் கட்டிலின் இடது சட்டத்தில் தலையிலிருந்து கால்வரை ஒட்டினாள். இந்தச் சிவப்புத் தெரியும்வரை கண்ணைக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும், அப்புறம் அவருடைய கையைக் காட்ட வேண்டும், அப்புறம் என்னை.

அவள் போன பிறகு ஜன்னல் கதவை நானே சாத்தினேன். முக்காலியை உள்ளே கொண்டுவந்தேன். இலை நுனியைப் பழையபடி இடப்பக்கம் போட்டேன்.

முதல் வாரம் நரகம். நான் இடது பக்கம் உட்கார்ந்து, "இங்கிட்டு, இங்கிட்டுப் பாருங்க" என்று தொண்டை காயக் கத்துவேன். அவர் சாத்தின ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஜன்னலைத் தொறந்து வையி. அப்பத்தான நீ வருவ?" என்பார். கெஞ்சுவார். சில நாள் அழுதார். எழுந்து இரண்டு எட்டுப் போய் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, கொல்லைக்கு ஓடிவிடலாம். எத்தனை தடவை எழுந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். எழுந்து, நின்று, மறுபடி உட்கார்வேன். பக்கத்தில் இருந்துகொண்டே ஒரு ஆளை அழவிடுவது மாதிரி வேலை உலகத்தில் வேறு இல்லை. மகளிடம் சொன்னால், "நீ ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கம்மா, அப்பா பாவம்" என்றாள். நாத்தனாரிடம் சொல்லவே இல்லை.

ஒரு நாள் ஆத்திரத்தில்தான் அது வாயில் வந்தது. என்னங்க என்று கூப்பிட்டாயிற்று, இங்கிட்டு என்று கத்தியாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. இந்த மனுஷன் முப்பது வருஷம் பஸ் ஓட்டினாரே, ஜனங்கள் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கத்துப் படியில்தானே, அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு தடவையாவது வண்டியை எடுத்திருப்பாரா என்று நினைத்தேன். நினைத்த வேகத்தில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கிற பொம்பளை மாதிரி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"டிரைவர்! எறக்கம் இருக்கு!"

தலை வெடுக்கென்று திரும்பியது. பாதி வழி வந்து நின்றது. கண் மட்டும் மெல்ல மெல்ல வந்தது. சிவப்பு ரிப்பன் வரை வந்தது. அதைத் தாண்டி, தன் இடது கையை யாருடையதோ மாதிரிப் பார்த்தது. அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தது. வளையலைப் பார்த்தது. அப்புறம் என்னை.

"எப்ப வந்தே?" என்றார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எப்ப வந்தேனா? விடிஞ்சதுலேருந்து இங்கனதான் உக்காந்திருக்கேன்! ஆஸ்பத்திரியிலேருந்து இங்கனதான் உக்காந்திருக்கேன்!" என்று கத்திவிட்டேன். அவர் மிரண்டுபோனார். கண் கலங்கி, நழுவி, மறுபடி சாத்தின ஜன்னலுக்கே போய்விட்டது. அன்றைக்கு முழுக்க மறுபடி வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். வந்த விருந்தாளியை வாசலிலேயே விரட்டின கதை.

அதன் பிறகு தினமும் அதுதான். நான் பயணி, அவர் டிரைவர். கட்டின புருஷனை அண்ணே என்று சேர்த்துக் கூப்பிட வாய் வரவில்லை, மற்றபடி எல்லாம் பஸ்ஸில் கூப்பிடுவது மாதிரியேதான். ஒரு நாள் நான் கத்திக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். "மதினி, ஒங்களுக்கும் ஏதாச்சும்..." என்று இழுத்தாள். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து, "நீ கூப்பிட்டுப் பாரு" என்றேன். அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்து, "வாத்தா, எங்கிட்டு நிக்கிறே?" என்றார். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பலாப்பழத்துக்காக நான் அவளை மன்னித்தது அப்போதுதான்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. சவரத்தில் இடது கன்னம் முக்கால்வாசி வந்துவிட்டது. அப்பளத்தைத் தேடி எடுத்துவிடுகிறார், உப்பு இன்னும் இல்லை. போன வாரம் தெரபிப் பெண் மறுபடி அந்தத் தாளோடு வந்து மார்க் போட்டாள். பதிமூன்று. நல்ல முன்னேற்றம் என்றாள். இதற்கு மேல் எவ்வளவு வரும் என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றாள். கடைசியில் அவரிடம், "வேற ஏதாவது கஷ்டம் இருக்காப்பா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்காரிதான் வர்றதும் தெரியல, போறதும் தெரியல. பேசிக்கிட்டே இருப்பா, காணாமப் போயிருவா." கொஞ்சம் யோசித்தார். "ஆனா கோவமில்ல அவளுக்கு. அது எனக்குத் தெரியும்."

நான் அதே நாற்காலியில்தான் இருந்தேன். அவர் சொன்னதை எழுதிக்கொள்ள அவள் தாளில் இடமில்லை.

இன்றைக்குக் காலையிலும் ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். காபி கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். கொல்லையில் பலா பிஞ்சு விட்டிருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். மகள் மாசமாக இருக்கிறாள், நேற்றுத்தான் எனக்கே சொன்னாள், அதைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டேன். நாலாவது தடவை, "டிரைவர், எறக்கம் இருக்கு" என்றதும் தலை திரும்பியது. ரிப்பன், கை, வளையல், நான். முகம் மலர்ந்தது.

"எப்ப வந்தே?"

"இப்பத்தான்" என்றேன். கண் மறுபடி அந்தப் பக்கம் நழுவிப் போவதற்குள், சொல்ல வேண்டியதையெல்லாம் அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.